பீஸுக்கு 60 பைசா: ஜாப் ஒர்க் யூனிட் நடத்தும் வாசகருக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

திருப்பூர் புறநகரில் 11 தையல் மெஷின்களுடன், கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் நடத்தும் 46 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். 17 வயதில் திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, டெய்லருக்கு உதவும் கைமடியாகச் சேர்ந்து, பிறகு டெய்லராகி, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வாடகை ஷெட் பிடித்துச் சொந்தத் தொழில் தொடங்கியவர். இப்போது அவரிடம் வேலை செய்யும் 16 பேரில் 9 பேர் செக்கிங், கைமடி, பிசிர் வெட்டுதல் ஆகிய வேலைகளைப் பார்க்கும் பெண்கள். கடந்த பொங்கலோடு வேலையை விட்டு நின்ற செக்கிங் பெண் ஒருவர், 22 மாதங்களாகத் தனக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 70 ரூபாய் குறைவாகத் தரப்பட்டது என்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறார். மாதம் 26 நாள் கணக்கில் 572 நாட்களுக்கு 40,040 ரூபாய் பாக்கி என்றும், அதுபோல் பத்து மடங்கு இழப்பீடு வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். விசாரணைக்கு வரச்சொல்லி வாசகருக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது.

“பேசிய சம்பளத்தை ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் கொடுத்தேன். தீபாவளிக்குப் போனஸ் கொடுத்தேன். அந்தப் பெண்ணின் மகள் காதணி விழாவுக்கு ஐயாயிரம் மொய் வைத்தேன். தங்கை மாதிரி வைத்திருந்தேன். மேலே இருக்கும் கம்பெனி எனக்குத் தருகிற கூலிக்கு இதற்கு மேல் என்னால் கொடுக்க முடியாது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதைக் காரணம் காட்டி, அந்தக் கூலியிலும் குறைத்துவிட்டார்கள். யூனிட்டை மூடிவிட்டு மறுபடியும் டெய்லராகப் போய்விடலாமா?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

தொழிலாளர் தரப்பில் நின்று வழக்கு நடத்துகிறவர்களுக்கு உங்களைப் போன்றவர்கள் எழுதுவது அபூர்வம். உங்கள் கடிதத்தில் பொய் ஒன்றும் தென்படவில்லை என்பதையும், நோட்டீஸைப் பார்த்ததும் ஆத்திரப்பட்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போகாமல் எனக்கு எழுதினீர்கள் என்பதையும் முதலில் பாராட்டுகிறேன். ஆனால் சட்டம் கேட்கும் கேள்வி நீங்கள் பேசியதைக் கொடுத்தீர்களா என்பதல்ல, அரசு அறிவித்ததைக் கொடுத்தீர்களா என்பதுதான். அந்தக் கேள்விக்கு உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது: கொடுக்கவில்லை. ஆகவே இந்த வழக்கில் நீங்கள் தேட வேண்டியது வெற்றியை அல்ல, குறைந்த சேதத்துடனும் சரியான கணக்குடனும் வெளியே வரும் வழியை.

ஒப்புக்கொண்டுதானே சேர்ந்தார்?

வேலைக்குச் சேரும்போது நாள் சம்பளம் எவ்வளவு என்று சொல்லித்தான் சேர்த்தேன், அதற்குக் கையெழுத்தும் இருக்கிறது என்கிறீர்கள். குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே சம்மதித்துப் போட்ட கையெழுத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் 25-ஆம் பிரிவு இதைச் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின் 60-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. இந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாகவோ குறைத்துக்கொள்வதாகவோ எழுதப்படும் எந்த ஒப்பந்தமும் செல்லாது.

இதன் காரணத்தை உச்ச நீதிமன்றம் 1982-இல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் தொடர்பான வழக்கில் விளக்கியது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் வேலை செய்ய இசைகிறார் என்றால், அவரைப் பசியும் வேறு வழியில்லாமையும்தான் அங்கே தள்ளியிருக்க வேண்டும் என்றும், அப்படி வாங்கப்படும் உழைப்பு அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்றும் நீதிமன்றம் கூறியது. நீங்கள் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வேலை தேடி வந்தவர் என்று அவரைப் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த நிலையில் இருந்தவர் உங்களிடம் எந்த அளவுக்குப் பேரம் பேசியிருக்க முடியும்?

மொய்யும் போனஸும் இதில் சேரா. தீபாவளிக்குக் கொடுத்த போனஸ், வேன் செலவு, டீக்காசு ஆகியவற்றைக் கூட்டி அறிவிக்கப்பட்ட தொகையை எட்டிவிட்டதாகக் காட்ட முடியாது. போனஸும் போக்குவரத்துச் செலவும் ஊதியம் என்ற வரையறைக்கே வெளியே நிற்பவை. மொய்யைப் பற்றி விசாரணையில் வாயே திறக்காதீர்கள். அது அந்த வீட்டில் நடக்கும் அடுத்த விசேஷத்துக்கும் உங்கள் வீட்டு விசேஷத்துக்கும் இடையே உள்ள கணக்கு. அதைக் கூலியில் கழிக்கப் பார்ப்பது சட்டத்துக்கும் பொருந்தாது, ஊர் வழக்கத்துக்கும் பொருந்தாது.

முடியாதவனிடம் கேட்பது நியாயமா?

உங்கள் கடிதத்தின் மையம் இதுதான். இது புதிய கேள்வியல்ல. 1957-இல் கிரவுன் அலுமினியம் ஒர்க்ஸ் வழக்கில், தன் தொழிலாளர்களுக்கு மிகக் குறைந்த அடிப்படைக் கூலியைக்கூடத் தர முடியாத தொழிலுக்கு இயங்கும் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1961-இல் கேரளத்து ஓட்டுத் தொழிற்சாலை முதலாளிகள் உங்களைப் போலவே, அரசு நிர்ணயித்த கூலி தங்கள் சக்திக்கு மீறியது என்று வாதிட்டபோது, குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயிக்கையில் முதலாளியின் கொடுக்கும் சக்தியைப் பார்க்கத் தேவையில்லை என்று தீர்ப்பு வந்தது. அதற்கு மேலுள்ள நியாய ஊதியம், போனஸ், பேச்சுவார்த்தையில் வாங்கும் உயர்வு ஆகியவற்றில் தொழிலின் லாப நட்டத்தைப் பார்க்கலாம். அடித்தளத்தில் மட்டும் பார்ப்பதில்லை.

அந்த அடித்தளத்தை ஏதோ ஓர் அதிகாரி மனம்போனபடி எழுதவில்லை. 1957-இல் டெல்லியில் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்து ஓர் அளவுகோலை ஏற்றன: ஒரு பெரியவரின் தேவை ஓர் அலகு என்ற கணக்கில் ஒரு தொழிலாளியின் குடும்பத்தை மூன்று நுகர்வு அலகுகளாகக் கொள்வது, அலகுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, குறைந்தபட்ச வீட்டு வாடகை, எரிபொருள், விளக்கு, சில்லறைச் செலவுகளுக்கு 20 விழுக்காடு. அந்தக் கலோரிக் கணக்கைத் தந்தவர் டாக்டர் அய்க்ராய்ட். உங்கள் ஊரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் குன்னூரில், ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநராகப் பத்தாண்டு இருந்தவர் அவர். பிறகு 1991-இல், சென்னையிலும் ஆலை வைத்திருந்த ரெப்டகாஸ் பிரெட் நிறுவனத்தின் தொழிலாளர் வழக்கில், பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், பண்டிகை, முதுமை, திருமணம் போன்றவற்றுக்காக மேலும் 25 விழுக்காட்டை உச்ச நீதிமன்றம் சேர்த்தது. நடைமுறையில் அறிவிக்கப்படும் தொகைகள் பெரும்பாலும் இந்த அளவுகோலுக்கும் கீழேதான் நிற்கின்றன என்பது என் போன்றவர்களின் நெடுநாள் குறை. மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு 2019-இல் தேசிய அளவில் நாளொன்றுக்கு 375 ரூபாய் என்று பரிந்துரைத்த அதே ஆண்டில், நடைமுறையில் இருந்த தேசிய அடிமட்ட ஊதியம் 178 ரூபாய். ஆகவே உங்களிடம் கேட்கப்படுவது தாராளம் அல்ல, தரைமட்டம்.

வங்கதேசத்தோடு போட்டியிட முடியாது என்று கம்பெனியில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நாட்டிலும் ஆயத்த ஆடைத் தொழிலாளரின் குறைந்தபட்ச மாத ஊதியத்தை 2023 டிசம்பர் முதல் 8,000 டாக்காவிலிருந்து 12,500 டாக்காவாக உயர்த்தினார்கள் என்பதை அடுத்த முறை அவர்களிடம் நினைவுபடுத்துங்கள். அமெரிக்க வரி உண்மையான அடிதான். அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த அடி வாஷிங்டனில் தொடங்கி, இறக்குமதியாளர், ஏற்றுமதி கம்பெனி, நீங்கள் என்று ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசியில் பிசிர் வெட்டும் பெண்ணின் தலையில் முழுதாக வந்து இறங்குவதற்கு யாரோ ஒருவர் வழிவிட வேண்டியிருக்கிறது. அந்தக் கடைசிப் படியில் நிற்பவர் நீங்கள்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,050 பீஸ் இறங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது பெண்களுக்கும் தலா 70 ரூபாய் கூட்டினால் நாளுக்கு 630 ரூபாய். பீஸுக்கு 60 பைசா. யூனிட்டையே மூடிவிடலாமா என்று உங்களைக் கேட்க வைத்திருப்பது இந்த 60 பைசாதான். இதைக் கம்பெனியிடம் எப்போதாவது கேட்டீர்களா என்று உங்கள் கடிதத்தில் தேடினேன், காணவில்லை. நூல் விலை கூடினால் கம்பெனி கேட்கிறது, மின்கட்டணம் கூடினால் நீங்கள் கேட்கிறீர்கள். ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதியத்தோடு சேரும் அகவிலைப்படி கூடும்போது மட்டும் யாரும் யாரையும் கேட்பதில்லை.

பெண்களின் சம்பளமும் பீஸ் ரேட்டும்

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது: கைமடி வேலையில் இருக்கும் இரண்டு ஆண்களுக்குப் பெண்களைவிடக் கூடுதலாகத் தருவது ‘ஊர் வழக்கம்’ என்று. அந்த வரியை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பார்த்தால் மகிழ்ந்துபோவார். ஒரே மாதிரியான வேலைக்கு ஆண் என்றும் பெண் என்றும் வேறு கூலி தருவதை 1976 முதலே சட்டம் தடுத்து வந்திருக்கிறது. புதிய தொகுப்பின் 3-ஆம் பிரிவும் தடுக்கிறது. ஆண்கள் பண்டல் தூக்குகிறார்கள் என்பது உண்மையான வேலை வேறுபாடாக இருந்தால், அதற்குத் தனித் தொகை தரலாம். ஆனால் அறிவிக்கப்பட்ட குறைந்தபட்சத் தொகைக்கு ஆண்பால் பெண்பால் கிடையாது. சமன் செய்வதற்காக ஆண்களின் கூலியைக் குறைக்கவும் கூடாது.

எல்லோரையும் பீஸ் ரேட்டுக்கு மாற்றிவிட்டால் இந்தச் சட்டம் பொருந்தாது என்று உங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒருவர் சொன்னாராம். அது தவறான யோசனை. பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கும், அந்த வேலைக்கு நேரக் கணக்கில் குறைந்தபட்சம் அறிவிக்கப்பட்டிருந்தால், அதற்குக் குறையாமல் கிடைக்க வேண்டும். சின்ன யூனிட்டுக்குப் பொருந்தாது என்பதும் அப்படியே. ஒரே ஒருவரை வைத்து வேலை வாங்கினாலும் பொருந்தும். முதலாளிகள் சங்கமும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து போடும் திருப்பூர் சம்பள ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, அதன் தொகையும் அரசு அறிவித்த தொகையும் வேறுபட்டால் அரசுத் தொகைக்குக் கீழே போக முடியாது. ஒப்பந்தத் தொகை கூடுதல் என்றால், அதற்குக் கட்டுப்பட்டவர்கள் அதைத் தர வேண்டும். தமிழ்நாட்டில் ஹோசியரி உற்பத்திக்கும் தையல் தொழிலுக்கும் தனித்தனி அறிவிப்புகள் இருப்பதால், மனுவில் எந்த அறிவிப்பின்படி, எந்த வேலைப் பிரிவின்படி 70 ரூபாய் வித்தியாசம் கணக்கிடப்பட்டது என்பதை உங்கள் வழக்கறிஞர் முதலில் சரிபார்க்கட்டும். உங்களுக்கு நியாயமாக வாதிட இடமிருக்கும் இரண்டு விஷயங்களில் இது ஒன்று.

இன்னொன்று நாட்கணக்கு. ஆர்டர் இல்லாத வாரங்களில் யூனிட் ஓடவில்லை என்றால் 572 நாள் என்பது கூடுதலாக இருக்கலாம். ஆனால் அதைக் காட்ட வேண்டியவர் நீங்கள். பாக்கி இல்லை என்று நிரூபிக்கும் சுமையைப் புதிய தொகுப்பின் 59-ஆம் பிரிவு முதலாளியின் மேல்தான் வைக்கிறது. உங்களிடம் இருப்பது சனிக்கிழமை சம்பளம் எழுதிய நோட்டு மட்டும்தான் என்றால், அந்த நோட்டை அப்படியே கொண்டுபோங்கள். புது நோட்டு வாங்கிப் பழைய தேதி போட்டு எழுதலாம் என்ற யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இப்போது இருப்பது பணப் பாக்கி; அதைச் செய்தால் பொய்ச் சான்று தயாரித்த குற்றமாகிவிடும்.

காலவரம்பைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பழைய சட்டத்தில் ஆறு மாதம், தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம். புதிய தொகுப்பில் மூன்று ஆண்டு. அந்தப் பெண் வேலை செய்த காலத்தில் பெரும்பகுதி பழைய சட்டம் நடப்பில் இருந்தபோது கழிந்தது என்பதால், பழைய மாதங்களைப் பற்றி ஓர் ஆட்சேபணையைப் பதிவு செய்யலாம். என் அனுபவத்தில், அதை நம்பி வழக்கை இழுப்பவர்கள் கடைசியில் வழக்கறிஞர் செலவையும் சேர்த்துத்தான் கட்டுகிறார்கள்.

இனி என்ன செய்யலாம்

உங்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. முழுதாக எதிர்த்து வழக்காடலாம். அதை நான் பரிந்துரைக்கவில்லை. இழப்பீடு பாக்கியைப் போலப் பத்து மடங்குவரை போகலாம் என்பதால், நாலு லட்சம் ரூபாய்க்கு மேல் சுமை வரும் சாத்தியத்தை வைத்துக்கொண்டு 40,000 ரூபாய்க்காகச் சண்டையிடுவது உங்களுக்குக் கட்டுப்படியாகாது. குறைத்துக் கொடுத்த குற்றத்துக்கான அபராதம் தனி. புதிய தொகுப்பில் அது முதல் முறை 50,000 ரூபாய்வரை, ஐந்தாண்டுக்குள் மீண்டும் நடந்தால் மூன்று மாதம்வரை சிறையோ, ஒரு லட்சம்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

யூனிட்டை மூடிவிடலாம் என்பது இரண்டாவது. மூடினாலும் இந்தப் பாக்கி உங்கள் பெயரில் நிற்கும், மெஷின் கடனும் நிற்கும், மற்ற 16 பேரின் பாக்கியும் அன்றே கேள்வியாகும்.

மூன்றாவது, முதல் வாய்தாவிலேயே பாக்கியை ஒப்புக்கொண்டு, நாட்கணக்கைச் சரிபார்த்து, வித்தியாசத் தொகையை முழுதாகக் கொடுக்க முன்வருவது. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பாதித் தொகையை வாங்கிக்கொண்டு மனுவைத் திரும்பப் பெறும்படி பேசி முடிக்கலாம் என்று யாராவது நடுவில் வருவார்கள். வித்தியாசத் தொகையைக் குறைக்கும் ஒப்பந்தம் மறுபடியும் செல்லாத ஒப்பந்தமாகத்தான் முடியும். பேசிக் குறைக்க இடமிருப்பது இழப்பீட்டில் மட்டுமே. இழப்பீட்டை எவ்வளவு விதிப்பது என்பது அதிகாரியின் முடிவு என்பதால், தாமதிக்காமல், மறைக்காமல் முழுப் பாக்கியைக் கொடுத்தவர் என்ற பதிவு உங்களுக்கு உதவும். சமரசத்தை அதிகாரியின் முன்னிலையில் எழுத்தில் வையுங்கள். தொகையை வங்கி வழியாக அனுப்புங்கள். சங்கத்துக்காரர்கள் தூண்டிவிட்டார்கள் என்ற வரியைப் பதிலுரையில் சேர்க்க வேண்டாம். உறுப்பினருக்காகத் தொழிற்சங்கமே மனுப்போடலாம் என்று சட்டம் சொல்லும்போது, அந்தக் குற்றச்சாட்டு உங்களுக்கு எதிராகவே வேலை செய்யும்.

கம்பெனியிடம் கேட்க வேண்டியவை

நீங்கள் பெறும் தொகையையும் கடிதத்தில் ‘கூலி’ என்றே எழுதியிருக்கிறீர்கள். திருப்பூரில் பவர் டேபிள் (கூலிக்குத் தைக்கும் யூனிட்) உரிமையாளர்கள் சங்கமாகக் கூடிக் கூலி உயர்வு கேட்டு ஒப்பந்தம் போடும் பழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தனியாகப் போய் 60 பைசா கேட்டால் வேறு யூனிட்டுக்கு பீஸை மாற்றிவிடுவார்கள் என்ற பயம் நியாயமானதே. அதனால்தான் பக்கத்து ஷெட்டுக்காரர்களோடு சேர்ந்து கேட்க வேண்டும். ஏற்றுமதி கம்பெனி என்றால் உங்கள் கையில் இன்னொரு பிடியும் இருக்கிறது. வெளிநாட்டு வாங்குநர்கள் பலர் சட்டப்படியான ஊதியத்தை ஆர்டரின் நிபந்தனையாகவே வைக்கிறார்கள். துணை யூனிட்டில் குறைந்தபட்ச ஊதிய வழக்கு நடப்பது தெரிந்தால் கம்பெனிக்குத்தான் தலைவலி. மிரட்டலாக இல்லாமல், குறைந்தபட்ச ஊதியத்தைச் சேர்த்துப் போட்ட செலவுக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துப் பேசுங்கள்.

பில் போட்டு மூன்று நான்கு மாதம் கழித்துப் பணம் வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் யூனிட்டுக்குச் சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இல்லையென்றால் உடனே செய்யுங்கள். குறு, சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி மாதாமாதம் கூட்டுவட்டியாகச் சேரும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தராதவர் மீது, இத்தகைய பணத் தகராறுகளைத் தீர்க்கும் உங்கள் மண்டலத்து வசதி மன்றத்தில் மனுக் கொடுக்கலாம். அதோடு, காலக்கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் கொடுக்கும் ஆண்டுக்கு முன் செலவாகக் காட்ட வருமான வரிச் சட்டம் 2024 ஏப்ரல் முதல் இடமளிப்பதில்லை என்பதால், கம்பெனியின் ஆடிட்டரே உங்களுக்காகப் பேசக்கூடும். வட்டி கொடுத்து வாங்கிய பணத்தில் வாரச் சம்பளம் போடுகிறவர் நீங்கள். அந்த வட்டி குறைந்தாலே 60 பைசாவில் கணிசமான பகுதி கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

தொழிலாளர் மருத்துவக் காப்பீடான ஈ.எஸ்.ஐ. பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. பத்து பேர் இருந்தாலே அது வந்துவிடும். உங்களிடம் 16 பேர். பதிவு இல்லையென்றால் அடுத்த நோட்டீஸ் அங்கிருந்து வரும். முதலாளி பங்கு ஊதியத்தில் 3.25 விழுக்காடு. கம்பெனிக்குக் கொடுக்கும் செலவுக் கணக்கில் இதையும் சேர்த்துவிடுங்கள்.

விசாரணைக்குப் போகும்போது சம்பள நோட்டு, மின்கட்டண ரசீதுகள் (யூனிட் ஓடாத வாரங்கள் அதில் தெரியும்), கம்பெனியிடமிருந்து வந்த டெலிவரி சலான்கள் ஆகியவற்றைத் தேதி வாரியாகக் கட்டிக் கொண்டுபோங்கள். அதற்கு முன், இப்போது உங்களிடம் இருக்கும் ஒன்பது பெண்களின் கணக்கையும் அதே நோட்டிலிருந்து எடுத்துப் போட்டுப் பாருங்கள். மொத்தத் தொகை உங்களை மிரட்டத்தான் செய்யும். அவர்களைக் கூப்பிட்டு, வருகிற சனிக்கிழமை முதல் புதுத் தொகை என்றும், பழைய பாக்கியை இத்தனை மாதங்களில் முழுதாகத் தீர்ப்பேன் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டு விசாரணைக்குப் போனால், அந்தத் தாளையே அதிகாரியிடம் காட்டலாம்.

அன்புடன்,
உங்கள் வழக்கறிஞர்